ஆண் பெண் ஹார்மோன்களும் நடுவயது மூளையும்

ஐம்பது வயதை நெருங்கும் ஆசிரியை ஒருவர் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார். நாள்தோறும் பார்க்கும் மாணவனை எழுப்பிக் கேள்வி கேட்க எண்ணுகிறார். அவன் பெயர் நாவிற்கு வரவில்லை. சற்று நேரங்கழித்து, சொல்ல வந்த சொல்லும் பாதியில் நழுவிவிடுகின்றது. இரவில் நல்ல உறக்கமில்லை. திடீரென்று உடலெங்கும் காங்கை பரவி வியர்த்துக் கொட்டுகின்றது. அவர் உள்ளத்தில் எழும் கேள்வி ஒன்றே: 'இது மறதி நோயின் தொடக்கமோ?' அவர் வயதினரான ஆண்களுக்கும் இத்தகைய கவலை இல்லாமலில்லை. சோர்வும் கவனக் குறைவும் தோன்றும்போது, 'ஆண்மை ஹார்மோன் குறைந்துவிட்டது. அதனை ஊசியாலோ களிம்பாலோ ஏற்றிக்கொண்டால் அறிவும் ஊக்கமும் பழையபடி திரும்பும்' என்னும் விளம்பரங்கள் அவர்களை எதிர்கொள்கின்றன.

இக்கவலைக்கும் இவ்விளம்பரங்களுக்கும் அடியில் இரண்டு கேள்விகள் உள்ளன. ஆண் பெண் ஹார்மோன்களுக்கும் மூளைக்கும் தொடர்பு உண்டா என்பது ஒன்று. உண்டெனில், குறைந்துபோன ஹார்மோனை மருந்தாகக் கொடுத்து மூளையைக் காக்க இயலுமா என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு விடை 'ஆம்' என்பதே. அதனால் இரண்டாவதற்கும் அதே விடைதான் வரும் எனப் பல ஆண்டுகள் அறிஞர் பலர் நம்பினர். அளவை நூலார் காட்சி, கருதல் என இரண்டினைப் பிரித்துக் கூறுவர். நேரே கண்டறிவது காட்சி. கண்டதைக் கொண்டு காணாததை ஊகித்தறிவது கருதல். கருதலால் பெற்ற முடிவு ஒன்று காட்சியால் சோதிக்கப்பட்டபோது என்ன நேர்ந்தது என்பதே இத்துறையின் வரலாறு.

ஹார்மோன் என்பது யாது?

உடலிலுள்ள சுரப்பிகள் இருவகைப்படும். உமிழ்நீர்ச் சுரப்பி போன்றவை தம் நீரைக் குழாய் வழியாக உரிய இடத்திற்கு அனுப்புகின்றன. தைராய்டு, அட்ரினல் முதலியவற்றிற்குக் குழாய் இல்லை. அவை தம் நீரை நேரே இரத்தத்தில் கலக்கின்றன. ஆதலின் அவை நாளமில்லாச் சுரப்பிகள் எனப்படும். இரத்தத்தோடு சென்று, தொலைவிலுள்ள உறுப்புகளைத் தொழிற்படச் செய்யும் அந்த இரசாயனப் பொருள்களை 'ஹார்மோன்' என்று 1905-ஆம் ஆண்டில் குறிப்பிட்டவர் இங்கிலாந்து நாட்டு உடலியல் அறிஞர் எர்னஸ்ட் ஸ்டார்லிங். தூண்டுதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாக அப்பெயர் பிறந்தது.

பெயர் தோன்றுமுன்னரே பொருள் உணரப்பட்டது. 1849-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் அர்னால்டு பெர்த்தோல்டு என்பவர் சேவற்குஞ்சுகளின் விதைகளை நீக்கிப் பார்த்தார். அவை வளர்ந்தபோது கொண்டை சிறுத்தது, கூவவில்லை, சண்டையிடவுமில்லை. நீக்கிய விதையை வேறு சில சேவல்களின் வயிற்றுக்குள் வைத்தபோது, அவை முழுச் சேவல்களாகவே வளர்ந்தன. பழைய நரம்புத் தொடர்பு அறுபட்டிருந்தும் குணம் மாறாமையால், ஏதோ ஒரு பொருள் இரத்தத்தின் வழியே சென்று வேலை செய்கின்றது என்பது புலனாயிற்று. கூவுதலும் சண்டையிடுதலும் மூளையின் ஏவலால் நிகழ்வன அன்றோ? மூளைக்கும் அப்பொருளுக்கும் உள்ள உறவு அன்றே குறிப்பாக வெளிப்பட்டது.

அதற்கு நாற்பது ஆண்டுகள் கழித்து, 1889-இல், பாரிஸ் நகரில் வேறொரு சோதனை நிகழ்ந்தது. புகழ்பெற்ற உடலியல் அறிஞரான பிரவுன்-செக்கார் தம் 72-ஆம் வயதில், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விதைகளைப் பிழிந்தெடுத்த சாற்றைத் தம் உடலிலேயே ஊசியால் செலுத்திக்கொண்டார். உடல் வலிமை கூடியது என்றும், நெடுநேரம் மூளை உழைப்பில் ஈடுபட முடிகின்றது என்றும் அறிஞர் அவையில் அறிவித்தார். செய்தி உலகெங்கும் பரவியது. ஆனால் டெஸ்டோஸ்டிரோன் தண்ணீரில் எளிதில் கரையாத பொருள். அவர் செலுத்திய சாற்றில் அது இருந்ததாகச் சொல்லத்தக்க அளவில் இல்லை. அவர் பொய் கூறினாரில்லை. எதிர்பார்ப்பே அவருக்கு ஊக்கமாகத் தோன்றியது. பிற்கால ஆராய்ச்சிக்கு இந்நிகழ்ச்சி ஒரு பாடமாக அமைந்தது.

1929-இல் பெண்மை ஹார்மோன்களுள் ஒன்றான ஈஸ்ட்ரோனை அமெரிக்காவில் எட்வர்டு டோய்சியும் ஜெர்மனியில் அடால்ப் பூட்டனண்டும் தனித்தனியே பிரித்தெடுத்தனர். 1935-இல் டெஸ்டோஸ்டிரோன் பிரிக்கப்பட்டது. அதே ஆண்டில் செயற்கையாகவும் ஆக்கப்பட்டது. 1942-இல், சினையுற்ற பெண்குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரைகள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன.

மூளையில் நிகழ்வது

ஈஸ்ட்ரோஜன் பெண்ணுக்குரியது, டெஸ்டோஸ்டிரோன் ஆணுக்குரியது எனப் பிரித்துச் சொல்வது வழக்கம். உண்மையில் இரண்டும் இருபாலார் உடலிலும் உண்டு, அளவே வேறு. டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் அரோமட்டேஸ் என்னும் நொதி மூளையிலும் இருக்கின்றது. ஆகவே ஆணின் மூளையில் டெஸ்டோஸ்டிரோன் செய்யும் வேலைகளுள் ஒரு பகுதி, ஈஸ்ட்ரோஜனாக மாறிய பின்னரே நடைபெறுகின்றது. மாதவிடாய் நின்ற மூதாட்டியின் இரத்தத்தில் இருப்பதைவிட, அவர் வயதை ஒத்த ஆணின் இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் மிகுதி என்பது பலருக்கும் வியப்பளிக்கும்.

மூளையின் உட்புறத்தில் இருபக்கமும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி உண்டு. கடற்குதிரை போன்று வளைந்திருப்பதால் அதற்கு அப்பெயர் வந்தது. புதிய செய்திகளை நினைவில் பதிய வைப்பது அதன் தொழில். மறதி நோய்களுள் முதன்மையான ஆல்ஸ்ஹைமர் நோய் முதலில் தாக்கும் இடங்களுள் அதுவும் ஒன்று. ஈஸ்ட்ரோஜனை ஏற்கும் வாயில்கள் ஹிப்போகாம்பஸிலும், திட்டமிடுதலுக்கும் கவனத்திற்கும் உரிய முன்மூளையிலும் அமைந்துள்ளன.

நரம்பணுவின் கிளைகளில் முட்களைப் போன்ற நுண்ணிய புடைப்புகள் உண்டு. ஒரு நரம்பணு மற்றொன்றிடமிருந்து செய்தி பெறும் இடங்கள் அவை. 1990-இல் நியூயார்க் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் கேதரின் உல்லி, புரூஸ் மெக்கூவன் முதலியோர் பெண் எலிகளின் ஹிப்போகாம்பஸை நுண்ணோக்கியால் ஆராய்ந்தனர். எலியின் இனப்பெருக்கச் சுழற்சி நான்கைந்து நாட்களே. அச்சில நாட்களுக்குள், ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்குவதற்கேற்ப அம்முட்களின் அடர்த்தி நூற்றுக்கு முப்பது அளவில் கூடிக் குறைவதை அவர்கள் கண்டனர். வளர்ந்த மூளை கல்போல் மாறாதது என்னும் பழைய எண்ணத்தை இது அசைத்தது. முதற் கேள்விக்கு இதனினும் தெளிவான விடை தேவையில்லை.

மாதவிடாய் நிற்கும் காலம்

பெண்களுக்குப் பெரும்பாலும் 45 வயதிற்கும் 55 வயதிற்கும் இடையே மாதவிடாய் நின்றுவிடுகின்றது. பன்னிரண்டு மாதங்கள் தொடர்ந்து வராதிருந்தால்தான் அது நின்றது எனக் கொள்வர். ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே மாறுதல் தொடங்கிவிடும். அப்போது ஈஸ்ட்ரோஜன் சீராகக் குறைவதில்லை. ஒரு மாதம் மிகுந்தும் மறுமாதம் தாழ்ந்தும் அலைகின்றது. உடல் வெப்பத்தைச் சமன்செய்யும் ஹைப்போதலாமஸ் என்னும் மூளைப்பகுதி இதனால் தடுமாறுகின்றது. திடீர்க் காங்கையும் இரவு வியர்வையும் தோன்றுவது அதனாலேயே. கருப்பை சார்ந்தது என எண்ணப்படும் இத்தொல்லை உண்மையில் மூளையில் பிறப்பதாகும்.

இக்கால மறதியைப் பற்றி அமெரிக்காவில் 1996-இல் தொடங்கிய, பல இனப் பெண்களைத் தொடர்ந்து கவனிக்கும் பேராய்வு ஒன்று ஆறுதலான செய்தியைத் தந்துள்ளது. 2009-இல் வெளியான அதன் பகுதியில் 2,362 பெண்கள் நான்கு ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் ஒரே வகைத் தேர்வுகளுக்கு உட்படுத்தப்பட்டனர். ஒரே தேர்வைப் பலமுறை எழுதுவோர் பழக்கத்தால் சிறிது சிறிதாக முன்னேறுவர் என்பதை ஆசிரியர்கள் அறிவர். மாறுதலின் இடைக்காலத்தில் இருந்த பெண்களிடம் அம்முன்னேற்றம் காணப்படவில்லை. ஆனால் மாதவிடாய் முற்றும் நின்ற பின்னர் அது மீண்டும் தோன்றியது. அதாவது, அறிவு தேய்ந்துபோகவில்லை. கற்கும் வேகம் சில காலம் தடைப்பட்டு, பின் பழைய நிலைக்குத் திரும்பியது. இரவெல்லாம் வியர்த்து விழித்திருப்பவர் பகலில் பெயர்களை மறப்பதில் வியப்பில்லை என்பதையும் இதனோடு சேர்த்தெண்ணுதல் வேண்டும்.

கருதல் பொய்த்த இடம்

1990-களில் நிலைமை இவ்வாறிருந்தது. ஈஸ்ட்ரோஜன் நரம்பணுக்களை வளர்க்கின்றது என்பதை எலிகளிடம் கண்டாயிற்று. பெண்களுக்கு முதுமையில் ஈஸ்ட்ரோஜன் குறைகின்றது. மறதி நோயாளருள் பெண்களே மிகுதி. மேலும், 1996-இல் நியூயார்க்கில் 1,124 மூதாட்டியரை ஆராய்ந்தபோது, ஈஸ்ட்ரோஜன் உட்கொண்டவர்களுக்கு ஆல்ஸ்ஹைமர் நோய் குறைவாகவே வந்தது தெரிந்தது. எல்லாம் ஒரே திசையைக் காட்டின. ஆகவே ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் மூளை காக்கப்படும் என்னும் கருதல் உறுதிபெற்றது.

இதில் ஓர் ஓட்டை இருந்தது. தாமே விரும்பி ஹார்மோன் உட்கொண்ட பெண்கள் பெரும்பாலும் கல்வியும் வசதியும் உடையவர்கள். மருத்துவரை ஒழுங்காக நாடுபவர்கள். அவர்களைக் காத்தது மருந்தா, வாழ்க்கை முறையா என்பதைப் பிரித்தறிய வழியில்லை. பிரித்தறிய ஒரே வழி, யாருக்கு மருந்து, யாருக்கு அதே உருவமுள்ள வெற்று மாத்திரை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்து, பெற்றவருக்கும் கொடுத்தவருக்கும் அது தெரியாமல் வைத்துப் பல ஆண்டுகள் கவனிப்பதே. பிரவுன்-செக்காரை ஏமாற்றிய எதிர்பார்ப்பு இம்முறையில் இடம்பெறாது.

அத்தகைய பெருஞ்சோதனை அமெரிக்க அரசின் ஆதரவில் நடைபெற்றது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்னும் மற்றொரு ஹார்மோன் மருந்தும் சேர்ந்த மாத்திரையைச் சோதிக்க, 50 முதல் 79 வயது வரையிலான 16,608 பெண்கள் சேர்ந்தனர். மார்புப் புற்றுநோயும், பக்கவாதமும், இரத்தக் கட்டிகளும் மருந்து பெற்றோரிடம் மிகுந்தமையால், 2002 ஜூலையில் அச்சோதனை இடையிலேயே நிறுத்தப்பட்டது. எலும்பு முறிவு குறைந்தது மருந்தின் நன்மைகளுள் ஒன்று.

அவர்களுள் 65 வயதைக் கடந்த 4,532 பேரின் நினைவாற்றல் தனியே ஆராயப்பட்டது. முடிவு 2003-இல் வெளிவந்தது. மருந்து பெற்ற 2,229 பேருள் 40 பேருக்கும், வெற்று மாத்திரை பெற்ற 2,303 பேருள் 21 பேருக்கும் மறதி நோய் இருப்பதாக மருத்துவர் கணித்தனர். காக்கும் என நம்பிய மருந்து, நோயை இருமடங்காக்கியது. இருமடங்கு என்றவுடன் திகைக்க வேண்டுவதில்லை. பத்தாயிரம் பெண்கள் ஓராண்டு இம்மருந்தை உட்கொண்டால், கூடுதலாக 23 பேர் பாதிக்கப்படுவர் என்பதே அதன் அளவு. ஆயினும், நோயைத் தடுக்கும் எனக் கொடுத்த மருந்து ஒருவருக்கேனும் நோயைத் தருவது பொறுக்கத்தக்கதன்று.

வயது என்னும் வேறுபாடு

இம்முடிவைக் கேட்டு உலகெங்கும் பெண்கள் பலர் அஞ்சி மருந்தை ஒரே நாளில் கைவிட்டனர். இங்கும் ஒரு பிழையான கருதல் நுழைந்தது. சோதனைக்குட்பட்டவர்கள் 65 வயதைக் கடந்தவர்கள். மாதவிடாய் நின்று பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆனவர்கள். அவர்களுக்கு நேர்ந்த தீங்கு ஐம்பது வயதினருக்கும் நேரும் எனக் கொள்வதற்குச் சான்று இல்லை.

எனவே இளையோரிடமும் சோதனைகள் நடைபெற்றன. முன் சொன்ன பெருஞ்சோதனையில் 50 முதல் 55 வயதிற்குள் மருந்து பெற்றவர்களைப் பின்னாளில் ஆராய்ந்தபோது, நினைவாற்றலில் நன்மையுமில்லை, தீமையுமில்லை என 2013-இல் தெரிந்தது. மாதவிடாய் நின்று மூன்றாண்டுகளுக்குள் இருந்த 727 பெண்களிடம் நான்கு ஆண்டுகள் நடந்த மற்றொரு சோதனையிலும் 2015-இல் அதே முடிவே வந்தது; மாத்திரை வடிவில் ஈஸ்ட்ரோஜன் பெற்றோருக்கு மனச்சோர்வு மட்டும் சிறிது தணிந்தது. அப்பெண்களுள் சிலரை ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்துச் சோதித்து 2024-இல் வெளியிட்ட அறிக்கையும் இதனையே உறுதிசெய்தது.

இயற்கையாக மாதவிடாய் நிற்குமுன்னரே அறுவையால் இரு சூலகங்களையும் இழந்தவர்கள் நிலை வேறு. அமெரிக்காவில் மேயோ மருத்துவ நிலையத்தார் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, அத்தகையோருக்குப் பிற்காலத்தில் அறிவுத் தேய்வு மிகுதியாக நேர்வதையும், அறுவை நடந்த வயது குறையக் குறைய ஆபத்து கூடுவதையும் காட்டியது. அவர்களுக்கு, மாதவிடாய் இயல்பாக நிற்கும் வயது வரையிலேனும் ஹார்மோனை ஈடுசெய்தல் நன்று என்பது மருத்துவரின் பொதுக் கருத்து.

இவற்றைத் தொகுத்து நோக்கின் ஒன்று தெளிவாகும். காங்கையும் இரவு வியர்வையும் வாழ்க்கையைக் குலைக்குமாயின், ஐம்பதை ஒட்டிய வயதில் ஹார்மோன் மருந்து நல்ல பயன் தரும். மூளைக்குக் கேடு விளையும் என்று அஞ்சி அதனைத் தவிர்க்க வேண்டுவதில்லை. ஆனால் மறதி நோயைத் தடுக்கும் மருந்தாக எண்ணி அதனை உட்கொள்வதற்குச் சான்று இல்லை. மார்புப் புற்றுநோய், பக்கவாதம், இரத்தக் கட்டி ஆகியவை முன்னர் வந்தவர்கள் மருத்துவரைக் கலவாமல் அதனைத் தொடலாகாது.

ஆண்களின் நிலை

பெண்ணுக்கு நிகழ்வது படிக்கட்டில் இறங்குவது போன்றது. ஆணுக்கு நிகழ்வதோ சரிவில் மெல்ல நடப்பது போன்றது. நடுவயதிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று என்னும் அளவில் குறைகின்றது. மாதவிடாய் போல் ஒரு நாளில் நின்றுபோவது ஆண்களுக்கு இல்லை. ஆதலின் 'ஆண்களின் மாதவிடாய் நிற்றல்' என்று விளம்பரக்காரர் கூறுவது பொருந்தாது.

ஐரோப்பாவில் எட்டு இடங்களில் 40 முதல் 79 வயது வரையிலான 3,369 ஆண்களை ஆராய்ந்த குழுவினர், டெஸ்டோஸ்டிரோன் குறைவும் அதற்குரிய அறிகுறிகளும் ஒருங்கே உடையவர் நூற்றுக்கு இருவரே என 2010-இல் அறிவித்தனர். சோர்வுடைய ஆண்கள் பலர். ஹார்மோன் குறைந்தமையால் சோர்ந்தவர் மிகச் சிலர். அக்குறைவும் பல நேரங்களில் உடற்பருமனால் வருவது. எடை குறைந்தால் ஹார்மோன் தானே உயரும். டெஸ்டோஸ்டிரோன் காலையில் மிகுந்து மாலையில் குறைவது. உறக்கம் கெட்டாலும் குறையும். ஆகவே ஒருநாள் மாலையில் எடுத்த ஒரே இரத்தச் சோதனையைக் கொண்டு முடிவுசெய்தல் தவறு.

ஆண்களிடமும் கருதல் சோதிக்கப்பட்டது. 65 வயதைக் கடந்து, டெஸ்டோஸ்டிரோனும் குறைந்து, வயதிற்கேற்ற மறதியும் உடைய 493 ஆண்களுள் ஒரு பாதியினர் ஓராண்டு டெஸ்டோஸ்டிரோன் களிம்பும், மறுபாதியினர் வெற்றுக் களிம்பும் பூசிவந்தனர். 2017-இல் வெளியான முடிவின்படி இருசாராரின் நினைவாற்றலிலும் வேறுபாடில்லை. 2023-இல் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களிடம் நடந்த வேறொரு சோதனை, இம்மருந்தால் மாரடைப்பு மிகவில்லை என்று காட்டியது. எனினும் நெஞ்சத் துடிப்பின் ஒழுங்கின்மையும் நுரையீரல் இரத்தக் கட்டியும் சற்று மிகுந்தன. உண்மையான குறைவுடையோர்க்கு இது நல்ல மருந்து. அறிவைக் கூர்மையாக்கும் மருந்து அன்று.

செய்யத்தக்கவை

அவ்வாறாயின் நடுவயதினர் தம் மூளையைக் காக்க வழியே இல்லையா? உண்டு, அவ்வழி ஹார்மோன் புட்டியில் இல்லை. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த அறிஞர் குழு, மறதி நோய்க்கு மாற்றக்கூடிய காரணங்கள் 14 என 2024-இல் வகுத்தது. கல்விக் குறைவு, செவித்திறன் குறைவு, பார்வைக் குறைவு, மிகுந்த இரத்த அழுத்தம், நீரிழிவு, மிகுந்த கொழுப்பு, உடற்பருமன், உடலுழைப்பின்மை, புகைத்தல், மிகுந்த குடி, மனச்சோர்வு, தலைக்காயம், தனிமை, காற்று மாசு என்பன அவை. இவை அனைத்தும் நீங்குமாயின் மறதி நோயுள் நூற்றுக்கு 45 பங்கு வரையில் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அக்குழுவின் மதிப்பீடு. அப்பட்டியலில் ஆண் பெண் ஹார்மோன்கள் இடம்பெறவில்லை.

இதுவும் வெறும் கருதலாகுமோ எனக் கேட்கலாம். இவற்றுள் சில, குலுக்கல் முறையிலும் சோதிக்கப்பட்டுள்ளன. 50 வயதைக் கடந்த 9,361 பேரிடம் நடந்த சோதனையில், இரத்த அழுத்தத்தின் மேல் அளவை 140-க்குக் கீழே வைத்தவர்களைவிட, 120-க்குக் கீழே வைக்க முயன்றவர்களிடம் மறதியின் முதல் நிலை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாக 2019-இல் தெரியவந்தது. மாதவிடாய் நிற்கும் வயதும், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஓசையின்றி ஏறத் தொடங்கும் வயதும் ஒன்றே. காங்கைக்காக மருத்துவரை நாடும் பெண் அந்நாளிலேயே அவ்விரண்டையும் சோதித்துக்கொள்வது பெரும்பயன் தரும்.

எவ்வகை மறதிக்கு அஞ்ச வேண்டும் என்பதையும் அறிதல் நன்று. பெயர் ஒன்று மறந்து, சற்று நேரங்கழித்து நினைவிற்கு வருவது இயல்பு. பழகிய தெருவில் வழி தவறுதல், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டல், பழகிய கணக்கைப் போட இயலாமை ஆகியவை இயல்பல்ல. அவற்றைக் கண்டால் காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்லல் வேண்டும். தைராய்டு குறைவு, வைட்டமின் பி-12 குறைவு, மனச்சோர்வு, உறக்க மாத்திரைகள் ஆகியவற்றாலும் மறதி வரும். இவை எளிதில் தீர்க்கத்தக்கவை.

வகுப்பில் மாணவனின் பெயரை மறந்த ஆசிரியைக்கு இந்நூற்றாண்டின் ஆராய்ச்சி தரும் விடை இதுவே: அவர் மூளை அழியத் தொடங்கவில்லை, ஒரு மாறுதலைக் கடந்துகொண்டிருக்கிறது. காங்கை உறக்கத்தைக் கெடுத்தால் அதற்கு மருந்து உண்டு. கேட்டுப் பெறுவதில் நாணம் வேண்டியதில்லை. நினைவாற்றலுக்கென்று ஹார்மோன் விற்பவரிடம், 'இதனை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்தார்களா? எந்த வயதினரிடம்?' என்னும் இரண்டு கேள்விகளைக் கேட்டல் போதும். கருதலைக் காட்சியால் சோதித்தறியும் இப்பழக்கம், ஆசிரியர் மாணவர்க்கு ஊட்டவேண்டிய அறிவுமாகும்.